ஆண்ட்ராய்டு எஸ்டிகே: பயனர்களைப் பிரிக்கிறது, கணக்குகளைப் பிரிப்பதில்லை

ஒரே கருவியைப் பலர் பயன்படுத்துவதும், ஒருவரே ஒரு செயலியில் பல கணக்குகளை வைத்திருப்பதும் ஒன்றுபோலத் தோன்றலாம். ஆனால் ஆண்ட்ராய்டு எஸ்டிகே (ஆண்ட்ராய்டு செயலிகளை எழுதுவதற்கான மென்பொருள் தொகுப்பு) முதலாவதைத் தானே செவ்வனே கையாள்கிறது. இரண்டாவதை ஏறக்குறைய முழுவதுமாக நிரலரின் பொறுப்பில் விட்டுவிடுகிறது. இரண்டு வகைச் செயலிகளையும் எழுதியபின் நான் வந்தடைந்த முடிவு இது.

பல பயனர் வசதி டேப்லெட்களுக்கு 4.2 பதிப்பிலும் ஃபோன்களுக்கு 5.0 பதிப்பிலும் வந்தது. செயலியின் நிறுவல் கோப்பு கருவியில் ஒரே ஒருமுறைதான் இருக்கும். தரவுகள் மட்டும் '/டேட்டா/யூசர்/0', '/டேட்டா/யூசர்/10' எனத் தனித்தனி அடைவுகளில் சேரும். எமுலேட்டரில் (கணினியில் இயங்கும் போலிக் கருவி) இரண்டாவது பயனரை உருவாக்கி, ரூட் எனப்படும் முழு நிர்வாக உரிமையுடன் இவ்வடைவுகளைப் பட்டியலிட்டுப் பாருங்கள். ஒன்றின் உரிமையாளர் 'யூ0_ஏ123' என்றும் மற்றொன்றின் உரிமையாளர் 'யூ10_ஏ123' என்றும் இருக்கும். செயலி ஒன்றே என்றாலும் லினக்ஸ் அடையாள எண்கள் 10123, 1010123 என வேறுபடுவதால், ஒருவரின் கோப்பை மற்றவர் திறக்க முயன்றால் இயங்குதளத்தின் மையமான கெர்னலே தடுத்துவிடும். நிரலில் நாம் செய்ய வேண்டியது, பாதையைக் கையால் எழுதாமல் 'கெட்ஃபைல்ஸ்டிர்' செயற்கூற்றிடம் கேட்டுப் பெறுவது மட்டுமே. இந்தப் பகுதியில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

கணக்குகளுக்கு வரும்போது நிலைமை தலைகீழ். கணக்குகளை நிர்வகிக்கும் 'அக்கவுண்ட்மேனேஜர்' கணக்கின் பெயரையும் டோக்கனையும் (உள்நுழைவுக்கான அனுமதிச் சான்று) காக்கும். கோப்புகளைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. கணக்குக்கு ஓர் அடைவு என நாமே பிரிக்க வேண்டும். அடைவுக்கு மின்னஞ்சல் முகவரியைப் பெயராக வைக்க வேண்டாம்: முகவரி மாறக்கூடும், பிழைப்பதிவுகளிலும் வெளிப்படும். செயலியே உருவாக்கும் ஓர் உள் அடையாளம் போதும். 'ரூம்' நூலகத்தால் அமைக்கும் தரவுத்தளத்தின் பெயரிலும் அதையே சேர்த்துக்கொள்ளலாம்.

இந்தப் பிரிவினை எவ்வளவு எளிதில் குலையும் என்பதை ஓர் அஞ்சல் செயலியில் நேரடியாகக் கண்டேன். முதல் கணக்கின் அஞ்சலோடு வந்த இணைப்புக் கோப்பு ஒன்று பின்னணியில் இறங்கிக்கொண்டிருந்தபோது பயனர் இரண்டாவது கணக்குக்கு மாறினார். கோப்பு இரண்டாவது கணக்கின் அடைவில் போய் உட்கார்ந்தது. 'தற்போதைய கணக்கு எது' என்பதை என் நிரல் எழுதும் நேரத்தில் கேட்டதே காரணம். பின்னணிப் பணிகளை நடத்தும் ஒர்க்மேனேஜரில் பணியை வரிசையில் சேர்க்கும்போதே கணக்கின் அடையாளத்தை அதன் உள்ளீட்டில் வைத்து அனுப்பியபின் அது மீண்டும் நிகழவில்லை. பிறருடைய கடிதம் என்பதால், இதைச் சிறு பிழையாக என்னால் கருத முடியவில்லை.

பயனர் ஒரு கணக்கிலிருந்து வெளியேறும்போது அதன் தரவுத்தளத்தை மூடிய பிறகே அழிக்க வேண்டும். திறந்திருக்கும் கோப்பு பட்டியலிலிருந்து மறைந்தாலும் வட்டில் உயிரோடுதான் இருக்கும். தானியங்கிக் காப்புப்பிரதிக்கான 25 எம்பி வரம்பு செயலி முழுமைக்கும் உரியது, கணக்குக்கு அன்று. ஆகவே இணைப்புக் கோப்புகளைக் காப்புப்பிரதியில் சேராத அடைவில் வைப்பது நல்லது.

7.0 பதிப்பில், திரைப்பூட்டு திறக்கும் முன்பே படிக்கத்தக்க சேமிப்பகத்துக்கெனத் தனிக் 'கான்டெக்ஸ்ட்' (அடைவுகள் போன்றவற்றைச் செயலி கேட்டுப் பெறும் நிரல் பொருள்) தந்தார்கள். கணக்குக்கும் அப்படி ஒன்று தந்திருக்கலாம். அதுவரை, அதற்கு உறையாக அமையும் 'கான்டெக்ஸ்ட்ராப்பர்' வகுப்பை நீட்டித்து, 'கெட்ஃபைல்ஸ்டிர்', தற்காலிகக் கோப்புகளுக்கான 'கெட்கேஷ்டிர்' இரண்டும் அந்தக் கணக்கின் அடைவையே திருப்பித் தருமாறு மாற்றி எழுதிப் பயன்படுத்துகிறேன்.