பிழைச்செய்தியை நிறுத்தினார்கள், பிழையை அப்படியே விட்டுவிட்டார்கள்

டெஸ்க்டாப் செயலியில் தொல்லை தரும் பிழைகளை வெளியாட்களிடம் கொடுத்துச் சரிசெய்ய நினைப்பவர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்கக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

ஒரு மருந்துக் கிடங்கின் இருப்புப் பதிவேட்டுச் செயலியை எழுதியவன் நான். பராமரிப்பவனும் நானே. சி ஷார்ப் மொழியில், சன்னல்களையும் பொத்தான்களையும் அமைக்கும் விண்டோஸ் ஃபார்ம்ஸ் கொண்டு எழுதியது. தரவெல்லாம் எஸ்க்யூலைட் என்ற சிறு தரவுத்தளத்தின் ஒரே ஒரு கோப்பில், பகிரப்பட்ட கோப்புறையில் இருந்தது. ஆறு கணினிகளிலிருந்து அதைத் திறப்பார்கள். எந்த மருந்து எப்போது வந்தது, எவ்வளவு போனது, எந்தத் தொகுதி எப்போது காலாவதியாகிறது என்பதை அங்கிருப்பவர்கள் இதைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள்.

கடந்த ஆண்டு வேறொரு வேலையில் நான் முழுவதுமாக மாட்டிக்கொண்டிருந்தபோது நான்கு புகார்கள் சேர்ந்துவிட்டன. மாத அறிக்கையை அழுத்தினால் திரை வெளுத்துப்போய் ‘பதிலளிக்கவில்லை’ என்று வருகிறது. பிற்பகலுக்கு மேல் அட்டவணை இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைக் கட்டமும் சிவப்புப் பெருக்கல் குறியும் தெரிகின்றன. சேமிக்கும்போது சில சமயம் ‘தரவுத்தளம் பூட்டப்பட்டுள்ளது’ என்ற செய்தி வருகிறது. நான்காவது என் கணினியில் மட்டும் தெரிந்தது: பிழைதிருத்தியோடு (பிழை தேட நிரலோடு இணைக்கும் கருவி) ஓட்டினால், ஓர் இழை (நிரலுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலைத்தொடர்) உருவாக்கிய பொத்தான், அட்டவணை போன்ற திரைக் கட்டுப்பாட்டை வேறோர் இழை தொடுகிறது என்று நிரல் நின்றுவிடும்.

டெஸ்க்டாப் நிரல் எழுதும் எவருக்கும் இந்த நான்கும் பழகிய தொல்லைகள்தாம். இத்தகைய பிழைகளைச் சரிசெய்வதையே தொழிலாகக் கொண்டவர்கள் என்று அறிமுகமான ஒரு குழுவிடம் மூலநிரலைக் கொடுத்தேன். ஒரே தொகை, ஒரே வாரம் என்றார்கள். நான் அனுப்பிய கடிதத்தில் ‘இந்தச் செய்திகள் இனி வரக் கூடாது’ என்று எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பின்னர் எத்தனை முறை எடுத்துப் படித்தேன் என்று கணக்கில்லை.

சொன்ன நாளில் புதிய எக்ஸ்இ கோப்பு, அதாவது ஓட்டக்கூடிய செயலி, வந்தது. மூலநிரல் வரவில்லை. கேட்டதற்கு, ‘ஒப்படைப்பது செயலியைத்தான் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது’ என்றார்கள். உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது. ஓட்டிப் பார்த்தேன். திரை வெளுக்கவில்லை, சிவப்புக் குறி இல்லை, பூட்டுச் செய்தி இல்லை. முழுத்தொகையும் கொடுத்துவிட்டேன்.

மூன்று வாரம் கழித்துக் கிடங்குப் பொறுப்பாளரான அம்மா அழைத்தார். அலமாரியில் இருக்கும் சில மருந்துகள் பதிவேட்டில் இல்லை. பதிவேட்டில் இருக்கும் சில அலமாரியில் இல்லை. “நான் பதிந்தேன் சார். திரையில் ‘சேமிக்கப்பட்டது’ என்று வந்ததைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனேன்” என்றார். நான் தரவுத்தளத்தைப் பார்த்தேன். பதிவு இல்லை. “வேறு தேதியில் பதிந்திருப்பீர்கள் அம்மா, மறுபடி பாருங்கள்” என்றேன். அவருடைய மேலதிகாரி அதைவிடக் கடுமையாகப் பேசினார். இரண்டு நாள் அவரை யாரும் நம்பவில்லை. மூன்றாம் நாள் அவர் தம் கையேட்டைக் கொண்டுவந்து வைத்தார். வந்த ஒவ்வொரு பெட்டியையும் தொகுதி எண்ணோடும் நேரத்தோடும் தேதிவாரியாகக் கையால் எழுதி வைத்திருந்தார். அதைப் பார்த்த பிறகுதான் நான் நிரலைச் சந்தேகிக்கத் தொடங்கினேன். முதல் நாளே அதைச் செய்திருக்க வேண்டியவன் நான்.

சி ஷார்ப் ஓடும் டாட்நெட் தளத்தின் செயலிகளில் ஒரு வசதி உண்டு. எக்ஸ்இ கோப்புக்குள் இடைநிலை மொழியில்தான் நிரல் இருக்கும்; வேண்டுமென்றே குழப்பி வைக்காவிட்டால் ஐஎல்ஸ்பை போன்ற இலவசக் கருவியால் அதைப் பெருமளவு படிக்கும்படியான சி ஷார்ப் நிரலாகத் திருப்பிவிடலாம். அப்படித் திருப்பி, என் பழைய நிரலோடு ஒப்பிட்டேன். அவர்கள் செய்த மாற்றங்கள் ஒரே திரையில் அடங்கின.

சேமிக்கும் பகுதியில், தரவுத்தளத்தில் எழுதும் வரிகளைச் சுற்றி பிழை எழுந்தால் பிடித்து என்ன செய்வதென்று சொல்லும் ‘ட்ரை கேட்ச்’ அமைப்பு ஒன்றைப் போட்டிருந்தார்கள். கேட்ச் அடைப்புக்குள் ஒன்றுமே இல்லை. எழுதும்போது கோப்பு பூட்டப்பட்டிருந்தால் விதிவிலக்கு என்ற பிழை அறிவிப்பு எழும்; அந்த வெற்று அடைப்பு அதை விழுங்கிவிடும்; நிரல் எதுவும் நடக்காததுபோல அடுத்த வரிக்குப் போகும். அடுத்த வரி, திரையில் ‘சேமிக்கப்பட்டது’ என்று காட்டும் வரி. அந்த அம்மா பார்த்தது அதைத்தான். அவர் பொய் சொல்லவில்லை. அவரிடம் பொய் சொன்னது நான் பணம் கொடுத்து வாங்கிய நிரல்.

அதோடு நிற்கவில்லை. செயலியின் தொடக்கத்தில், இடைமுக இழையில் (திரையைக் கவனிக்கும் இழை) எங்கும் பிடிபடாத விதிவிலக்குகள் கடைசியாக வந்துசேரும் ‘திரெட் எக்ஸெப்ஷன்’ நிகழ்வையும் பிடித்து, அங்கேயும் வெற்று அடைப்பு வைத்திருந்தார்கள். பாதி வேலையில் உடைந்த நிரல் உடைந்த நிலையிலேயே தொடர்ந்து ஓடும், யாருக்கும் தெரியாது. நிரலின் நடப்பைக் குறித்துவைக்கும் பதிவுக்கோப்பில் ஒரு வரி எழுதியிருந்தால்கூட எனக்கு முதல் வாரமே தெரிந்திருக்கும். அதையும் எழுதவில்லை.

திரை வெளுப்பதற்கு அவர்கள் கண்ட வைத்தியம் ‘டூஈவென்ட்ஸ்’. விண்டோஸில் ஒரு சன்னலின் இழை 5 நொடிகளுக்கு மேல் பொத்தான் அழுத்தல் போல அதற்கு வரும் செய்திகளின் வரிசையைக் கவனிக்காவிட்டால், அந்தச் சன்னல் பதிலளிக்கவில்லை என்று இயங்குதளம் முடிவு கட்டும். அறிக்கை தயாரிக்கும் நீண்ட வேலையை இடைமுக இழையிலேயே நான் செய்ததுதான் மூல காரணம். அதைப் பின்னணிக்கு மாற்ற வேண்டும். அவர்களோ நீளமாக ஓடும் எல்லாச் சுழல்களுக்குள்ளும் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் பகுதிகள்), நடுநடுவே காத்திருக்கும் செய்திகளைக் கவனி என்று சொல்லும் அந்த டூஈவென்ட்ஸ் வரியைச் செருகிவிட்டார்கள். காத்திருக்கும் செய்திகளில் பொத்தான் அழுத்தல்களும் அடக்கம். பொருள் வரவைச் சேமிக்கும் சுழல் பாதியில் இருக்கும்போது, ‘ஏறவில்லையோ’ என்று ஒருவர் பொத்தானை மறுபடி அழுத்தினால், அதே செயற்கூறு தனக்குள்ளேயே மீண்டும் முதலிலிருந்து ஓடும். முழு வரவும் இரண்டாம் முறை ஏறும். ஒருபுறம் பதிவுகள் காணாமல் போக, மறுபுறம் இரட்டித்ததால், வாரக் கூட்டுத்தொகை கிட்டத்தட்டச் சரியாகவே இருந்தது. மூன்று வாரம் யாரும் கவனிக்காததற்கு அதுவே காரணம்.

என்னை மிகவும் கோபப்படுத்தியது சிவப்புப் பெருக்கல் குறிக்கு அவர்கள் செய்தது. அந்தத் தவறு என்னுடையது. காலாவதி நெருங்கும் மருந்துக்கு அருகில் ஒரு சிறு படத்தை வரைய ‘கெட்ஹெச்பிட்மேப்’ வழியாக ஒரு ‘கைப்பிடி’, அதாவது அந்தப் படத்தைச் சுட்டும் எண், வாங்கினேன். வாங்கியதை ‘டெலீட்ஆப்ஜெக்ட்’ அழைத்து நாமே திருப்பித்தர வேண்டும். பயன் முடிந்த நினைவகத்தைத் தானே விடுவிக்கும் குப்பை சேகரிப்பான் அதைச் செய்யாது. நான் திருப்பித்தரவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரலுக்கு விண்டோஸ் இயல்பாக அனுமதிக்கும் ஜிடிஐ பொருள்கள் (இப்படி வரைவதற்கான படங்கள் போன்றவை) 10,000. காலையில் நூற்றுக்கணக்கில் இருப்பது பிற்பகலுக்குள் அந்த எல்லையைத் தொடும். தொட்டதும் வரைய முடியாமல் அட்டவணை உடையும். டாஸ்க் மேனேஜரில் ‘ஜிடிஐ ஆப்ஜெக்ட்ஸ்’ என்ற நெடுவரிசையைச் சேர்த்துப் பார்த்தால் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போவது கண்ணெதிரே தெரியும். இந்தக் குழுவினர் அதைப் பார்த்திருக்கிறார்கள். எப்படித் தெரியும் என்றால், அந்த எண்ணிக்கையை நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து, 9,000 தாண்டியதும் செயலியை மூடித் திறக்கும் ஒரு டைமரை எழுதி வைத்திருக்கிறார்கள். கசிவு இருப்பது தெரிந்து, அளக்கவும் தெரிந்து, அடைக்காமல் விட்டிருக்கிறார்கள். பாதி தட்டச்சு செய்திருந்த வரவு அந்த மறுதொடக்கத்தில் போய்விடும். கரண்ட் போய்வந்தது என்று அங்கிருந்தவர்கள் நினைத்துக்கொண்டார்களாம்.

இழைப் பிரச்சினைக்கு ஒரே வரி: ‘செக் ஃபார் இல்லீகல் கிராஸ் திரெட் கால்ஸ்’ என்ற பண்பை ‘ஃபால்ஸ்’ என்று வைத்து அணைத்துவிட்டார்கள். பிழைதிருத்தி இணைந்திருக்கும்போது மட்டும் இயல்பாக விழித்திருக்கும் காவல் அது. அதையும் தூங்க வைத்தாயிற்று. செய்ய வேண்டியது ‘இன்வோக்’ வழியாக வேலையை இடைமுக இழையிடம் ஒப்படைப்பது. என் நிரலில் மூன்று இடங்களில் மாற்றினால் போதும்; அரை மணி நேரம்கூட ஆகாது.

கடைசியில் நான் கேட்காத ஒன்றும் உள்ளே இருந்தது. முதலில் ஓடிய தேதியைக் குறித்துவைத்து, 90 நாள் கழிந்ததும் ‘பராமரிப்புக் காலம் முடிந்தது’ என்று காட்டிச் செயலி திறக்க மறுக்கும் ஒரு சோதனை. ஒப்பந்தத்தில் இதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. என் செயலிக்கு என்னையே வாடகை கட்ட வைக்கும் ஏற்பாடு இது.

ஒப்பிட்ட நிரலை அனுப்பிக் கேட்டேன். ‘நீங்கள் குறிப்பிட்ட செய்திகள் நின்றுவிட்டன. கேட்ட வேலை முடிந்தது’ என்று பதில் வந்தது. வேண்டுமானால் ‘தரவுப் பிழைகளை’ புதிய வேலையாகக் கருதித் தனித்தொகை சொல்வதாகவும் எழுதியிருந்தார்கள். பணம் திரும்பவில்லை. அதற்குப் பிறகு அனுப்பிய கடிதங்களுக்குப் பதிலும் இல்லை.

பழைய மூலநிரலிலிருந்து நானே மறுபடி தொடங்கினேன். பூட்டுப் பிரச்சினைக்கு அடிப்படைக் காரணம் தரவுக்கோப்பு வலையமைப்புக் கோப்புறையில் இருந்ததுதான். அங்கே கோப்புப் பூட்டுகளை நம்ப முடியாது என்று எஸ்க்யூலைட்டை உருவாக்கியவர்களே தங்கள் ஆவணத்தில் எச்சரிக்கிறார்கள். ஒரே கணினிக்குள் எழுதுபவரும் படிப்பவரும் மோதாமல் இருக்க உதவும் ‘வால்’ (WAL, மாற்றங்களை முதலில் தனிக்கோப்பில் எழுதும்) முறையும் வலையமைப்பில் வேலை செய்யாது. ஆகவே கோப்பை ஒரே கணினியில் வைத்து, அதைத் தொடும் உரிமையை அங்கே ஓடும் ஒரு சிறு சேவை நிரலுக்கு மட்டும் கொடுத்தேன். மற்ற ஐந்து கணினிகளும் அந்தச் சேவையிடம் கேட்கும். ஒரு வரவின் எல்லா வரிகளும் ஒரே பரிவர்த்தனையில் ஏறும். ஒன்று தவறினாலும் எதுவும் ஏறாது. பதிவுத் திரை திறக்கும்போதே ஒவ்வொரு வரவுக்கும் ஒரு தனித்த அடையாள எண் பிறக்கிறது. அதே எண் இரண்டாம் முறை வந்தால் தரவுத்தளமே மறுத்துவிடும். பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் கவலையில்லை. ‘சேமிக்கப்பட்டது’ என்ற சொல், பரிவர்த்தனை முடிந்து சேவை பதில் அனுப்பிய பிறகுதான் திரைக்கு வரும். தவறினால் சிவப்பு எழுத்தில் ‘சேமிக்கப்படவில்லை’ என்று வரும். எந்த வரியில், எந்த அழைப்பு வழியாக உடைந்தது என்ற விவரம் பதிவுக்கோப்பில் விழும்.

இதையெல்லாம் முடிக்க எனக்குப் பதினோரு நாள் ஆனது. ஒரு வாரத்தில் முடிப்போம் என்று சொன்னவர்களை நான் சந்தேகித்திருக்க வேண்டியது அங்கேதான்.

வேலையைக் கொடுக்கப் போகிறவர்களுக்கு: மாற்றிய மூலநிரலும் மாற்றங்களின் வரலாறும் கைக்கு வந்த பிறகே கடைசித் தவணை என்று எழுதிவையுங்கள். கடிதத்தில் ‘இந்தச் செய்தி வரக் கூடாது’ என்று நான் எழுதியதுபோல எழுதாதீர்கள். ‘இரண்டு கணினிகள் ஒரே நேரத்தில் சேமித்தால் இரண்டு பதிவும் தரவுத்தளத்தில் இருக்க வேண்டும்’ என்று, சோதித்துப் பார்க்கக்கூடிய விளைவாக எழுதுங்கள். ஒவ்வொரு பிழைக்கும் காரணம் என்ன என்று இரண்டு வரி கேளுங்கள். காரணம் சொல்லத் தெரியாதவர் அதை நீக்கியிருக்க முடியாது. நிரல் வந்ததும் வெற்றுக் கேட்ச் அடைப்புகளையும், டூஈவென்ட்ஸையும், தேதியை ஒப்பிடும் வரிகளையும் தேடுங்கள். நீங்கள் நிரல் அறியாதவரானால், அறிந்த ஒருவரை ஒரு மணி நேரம் உட்கார வைத்தாவது தேடுங்கள். பிறகு ஒரு சோதனை: சேமிக்கும் நொடியில் வலையமைப்புக் கம்பியைப் பிடுங்குங்கள். செயலி அப்போதும் ‘சேமிக்கப்பட்டது’ என்றால் அதைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

காணாமல் போன வரவுகளை அந்த அம்மாவின் கையேட்டிலிருந்து ஒவ்வொன்றாக மீட்டோம். அவர் வாசிக்க, நான் தட்டச்சு செய்தேன். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன், மேலதிகாரியும் கேட்டார். அவர் விடுப்பில் இருந்த இரண்டு நாள்களில் வந்த மூன்று பெட்டிகளுக்கு மட்டும் எங்கேயும் பதிவு கிடைக்கவில்லை. எப்போது வந்தன, யார் இறக்கினார்கள், எந்த வெப்பநிலையில் இருந்தன என்று சொல்ல ஆளில்லாததால் அவற்றைத் தனியே ஒதுக்கிப் பூட்டி வைத்திருக்கிறார்கள்.