2000 எம்எம் ஸூமா, பழைய டிஎஸ்எல்ஆரா?

பறவைப் படம் எடுக்க ஆசை இருக்கிறது, லட்சக்கணக்கில் செலவழிக்க வழியில்லை. அப்படியானால் மிஞ்சுவது இரண்டுதான். ஒன்று, நிகான் பி950 மாதிரி லென்ஸைக் கழற்ற முடியாத ஸூம் கேமரா. இன்னொன்று, செகண்ட் ஹேண்டில் ஒரு கேனன் டிஎஸ்எல்ஆர் (லென்ஸை மாற்றக்கூடிய, உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி வைத்த கேமரா), கூடவே 55-250 எம்எம் லென்ஸ். இந்த எம்எம் எண் கூடக் கூடத் தூரத்துப் பறவை பெரிதாகத் தெரியும்.

தூரத்தைப் பொறுத்தவரை போட்டியே கிடையாது. பி950-இன் 83 மடங்கு ஸூம் 2000 எம்எம்முக்குச் சமம். கேனனின் 250, சென்சார் (ஒளியைப் படமாக்கும் சில்லு) அளவுக்கான 1.6 மடங்குக் கணக்கைச் சேர்த்தாலும் 400தான். வேடந்தாங்கல் கரையில் நின்று ஏரிக்குள் இருக்கும் மரங்களைப் பாருங்கள். நிகானில் நத்தைக்குத்தி நாரை அலகை மூடியபின்னும் நடுவில் தெரியும் இடைவெளி வரை கிடைக்கும். கேனனில் மரம் நிறைய வெள்ளைப் புள்ளிகள்.

சரி, அப்போ நிகானே வாங்கிவிடலாமே? இங்கேதான் வெளிச்சம் குறுக்கே வருகிறது. கேனனின் சென்சார் பரப்பளவில் சுமார் 12 மடங்கு பெரியது, அதனால் மங்கிய வெளிச்சத்தையும் சமாளிக்கும். பறவைகள் சுறுசுறுப்பாக இருக்கும் காலை ஆறரை மணிக்கு, முழு ஸூமில் லென்ஸ் துவாரம் எஃப் 6.5-க்கு மேல் திறக்காத நிகானில் ஐஎஸ்ஓவை, அதாவது ஒளி உணர்திறனை, ஏற்றியே ஆக வேண்டும். ஏற்றினால் கரிச்சான் இறகு இறகாகத் தெரியாது, கறுப்பாக அப்பிக் கிடக்கும். வெயில் ஏறட்டும் என்று காத்திருந்தால் தண்ணீர்மேல் கானல் கிளம்பிவிடும். 2000 எம்எம்மில் அந்த அலையும் சேர்ந்தே பெரிதாகும். ஆக, அந்த ஸூமை முழுசாகப் பயன்படுத்த ஒரு நாளில் கிடைக்கும் நேரம் கொஞ்சம்தான். நிலாவின் பள்ளங்களை எடுத்து வாட்ஸாப்பில் போடலாம், அதில் குறையே இல்லை.

பறக்கும் பறவைக்கும் கேனன்தான். முழு ஸூமில் நிகான் காட்டுவது ஒரு டிகிரி அகலம், குழல் வழியாக வானத்தைப் பார்க்கிற மாதிரி. பறவை நழுவினால் லென்ஸ் ஓரத்துப் பட்டனை அழுத்தி, ஸூமைச் சட்டென்று குறைத்துத் தேடலாம், நல்ல வசதி. ஆனால் கருப்பு வெள்ளை மீன்கொத்தி அந்தரத்தில் சிறகடித்து நிற்கிற வரைதான் அது உதவும். தலைகுப்புறப் பாயும்போது, நிகானின் டிஜிட்டல் வியூஃபைண்டரில் (கண்ணை வைத்துப் பார்க்கும் சின்னத் திரையில்) தெரிவது கொஞ்சம் பழைய காட்சி. டிஎஸ்எல்ஆரில் உள்ளிருக்கும் கண்ணாடி வழியாக நேரடியாகப் பார்ப்பதால் அந்தத் தாமதம் இல்லை. ஷட்டர் வேகத்தை 1/2000 நொடி வைத்துத் தொடர்ந்து அடிக்கலாம்.

குறை 250-இன் நீளம். அதைப் பொறுமையால் ஈடுகட்ட வேண்டும். பச்சைப் பஞ்சுருட்டான் பூச்சியைப் பிடித்துவிட்டுப் பெரும்பாலும் அதே கம்பிக்கோ கிளைக்கோ திரும்பும். அங்கே ஃபோகஸ் வைத்து அசையாமல் உட்கார்ந்தால் போதும். திருநெல்வேலிப் பக்கம் கூந்தன்குளத்தில் ஊருக்குள் வீட்டோர மரங்களிலேயே நாரைகள் கூடு கட்டும். அங்கே 250 தாராளம். கூட்டுக்கு அடியில் போய் நிற்காதீர்கள், அவ்வளவுதான்.

பைனாகுலரில் போனை ஒட்டி எடுக்கும் வழியும் உண்டு. அடையாளத்துக்கு ஆகும், படமாக வைத்துக்கொள்ள ஆகாது.

என் ஓட்டு பழைய டிஎஸ்எல்ஆருக்கு. ஏரிக்கரையில் நின்று பார்த்த பறவைகளைப் பட்டியல் போடுவதுதான் நோக்கம் என்றால் மட்டும் நிகான். பழசு வாங்கும்போது லென்ஸின் பின்பக்கம் டார்ச் அடித்து முன்பக்கமாகப் பாருங்கள். உள்ளே சிலந்தி வலை மாதிரி இழை தெரிந்தால் பூஞ்சை. விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.