ஓர் ஆசனத்துக்காக இரண்டு பதிவு: திருகோணமலையில் கழிந்த மூன்று நாட்கள்

தங்கையின் மகளுடைய திருமணத்துக்காக ஆவணி மாதத்தில் மூன்று கிழமைகள் திருகோணமலையில் நின்றேன். கொழும்புக் கோட்டையிலிருந்து புறப்படும் இரவுப் புகையிரதம் கல்ஓயாச் சந்தியில் சிறிது தாமதித்தாலும் விடியற்காலையில் ஒழுங்காகக் கொண்டுவந்து சேர்த்தது. உப்புவெளியில் தங்கை வீட்டு இணைய இணைப்பு, ரொறன்ரோவில் நான் மாதாமாதம் பணம் கட்டும் இணைப்பைவிடக் குறைந்ததன்று. ஊரிலுள்ள சேவைகளைப் பற்றிக் குறைசொல்ல எனக்கு அதிகம் இல்லை. சிக்கல் முழுவதும் என் கைப்பேசியில், நானே தேடிக்கொண்டது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் வலது முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்தது. ஸ்காபரோவிலுள்ள முகவர் எடுத்துத் தந்த பயணச்சீட்டு மிக மலிவான வகுப்பைச் சேர்ந்தது என்பதால், ஆசனத்தை முன்கூட்டியே தெரிவுசெய்வதற்குத் தனிக் கட்டணம் கேட்டார்கள். அதைக் கட்ட மனமில்லாமல் வந்த எனக்கு, கடைசி வரிசைகளில் இருவருக்கு நடுவே ஓர் ஆசனம் கிடைத்தது; வளைகுடாவுக்கும் ரொறன்ரோவுக்கும் இடையிலான ஏறத்தாழ 14 மணிநேரப் பறப்பை அப்படியே கடந்து வந்தபின், திரும்பும்போதும் அதே தண்டனையா என்ற கவலை திருமண வீட்டிலும் என்னை விடவில்லை.

அந்த வேளையில்தான் நியூஜெர்சியிலிருந்து திருமணத்துக்கு வந்திருந்த பால்ய நண்பர் ஒரு வழி சொன்னார். அதே விமானத்துக்கு, முழுப்பணமும் மீளக் கிடைக்கும் வகைச் சீட்டொன்றை இணையத்தில் வாங்க வேண்டும். அந்த வகைக்கு ஆசனத் தெரிவு இலவசம் என்பதால் விரும்பிய இடத்தைப் பிடித்து வைக்கலாம். புறப்படுவதற்கு முன் இணையவழி வரவுப்பதிவு தொடங்கும் நிமிடத்தில் இரண்டாவது சீட்டை இரத்துச் செய்தால், விடுபடும் ஆசனத்தை முதற்சீட்டில் எடுத்துக்கொள்ளலாம். வாங்கிய 24 மணித்தியாலத்துக்குள் இரத்துச் செய்தால் ஒரு சதமும் போகாது என்று சட்டத்தையும் துணைக்கு அழைத்தார். அந்தச் சட்டம் அமெரிக்காவுக்கு வரும், அமெரிக்காவிலிருந்து புறப்படும், அமெரிக்காவுக்குள் பறக்கும் விமானங்களுக்கு உரியது என்பதும், பயண நாளுக்கு 7 நாட்களாவது இருக்கும்போது செய்யும் பதிவுகளுக்கே பொருந்தும் என்பதும், கொழும்பிலிருந்து கனடா போகும் எனக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை என்பதும் பின்னர் தெரிந்தவை. அன்றிரவு விறாந்தையில் இருந்தபடி சீட்டை வாங்கி, அவசரகால வாயிலோர வரிசையில் கால் நீட்டக்கூடிய ஆசனத்தைப் பிடித்துவிட்டுப் பெரிய கெட்டிக்காரத்தனம் செய்த நினைப்பில் உறங்கினேன்.

மறுநாள் மாலை ஒரு மின்னஞ்சல் வந்தது. ஒரே பயணிக்கு ஒரே விமானத்தில் இரண்டு பதிவுகள் இருந்தமையால் ஒன்று நீக்கப்பட்டதாக அதில் இருந்தது. நீக்கப்பட்டது ஸ்காபரோ முகவர் எடுத்த சீட்டின் திரும்பும் பகுதி. எஞ்சியிருந்தது, அதைவிட மும்மடங்கு விலையில் நான் தற்காலிகமாக வாங்கிய ஒருவழிச் சீட்டு.

ரொறன்ரோ எங்கள் நேரத்துக்கு ஒன்பதரை மணித்தியாலம் பிந்தியது என்பதால், முகவருடன் பேச மாலை ஆறரை வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவர் கோபித்துக்கொண்டார், கோபத்தில் நியாயமும் இருந்தது, ஏனெனில் இத்தகைய இரட்டைப் பதிவுகளுக்காக விமான நிறுவனங்கள் முகவர்களிடம் தண்டப் பணம் அறவிடுவதுண்டு. விமான நிறுவனத்தின் தொலைபேசியோ பாட்டை மட்டும் கேட்கவைத்தது. அடுத்த நாள் காலை, பேருந்து நிலையத்துக்கு அண்மையிலுள்ள ஒரு சிறிய பயண முகவர் நிலையத்துக்குப் போனேன். வாசலில் இரண்டு புள்ளிமான்கள் யாரோ போட்ட வாழைப்பழத் தோலைத் தின்றுகொண்டு நின்றன. உள்ளே கணினிக்கு முன்னால் இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண்பிள்ளை இருந்தார்.

எனக்கு அவர் ஒரு சீட்டும் விற்கவில்லை. விற்க முடியாத வாடிக்கையாளருக்கு ஒரு மணிநேரம் ஒதுக்கினார். "அங்கிள், ஒரு பெயர், ஒரு திகதி, ஒரு பிளைற் எண்டு ரெண்டு புக்கிங் இருந்தா ஆக்கள் பாக்கத் தேவையில்லை, சிஸ்டமே பிடிச்சிடும்" என்று தொடங்கினார். மலிவு வகுப்பில் ஒவ்வொரு விலைக்கும் குறிப்பிட்ட எண்ணிக்கையான இடங்களே உண்டு. நீக்கப்பட்ட என் இடம் பொது இருப்புக்குத் திரும்பிவிட்டதால், அதை வேறொருவர் வாங்குவதற்கு முன்னர் இரண்டாவது சீட்டை நானே இரத்துச் செய்துவிட்டு, பழைய பகுதியை அதே வகுப்பில் மீள்விக்கும்படி ஸ்காபரோ முகவர் மூலமாகவே கேட்க வேண்டும் என்றார். சீட்டை வழங்கியவர்தான் அதைத் திருத்த முடியும். தன்னால் திரையில் பார்க்கக்கூட முடியாது.

இந்தத் தன்னியக்க வடிகட்டலில் குற்றமற்றவர்களும் அகப்படுவதுண்டாம். எங்கள் பெயர்முறையில் தந்தையின் பெயரே குடும்பப் பெயரின் இடத்தில் நிற்பதால், ஒரே எழுத்தில் தொடங்கும் பெயருள்ள உடன்பிறந்த இருவர் தம் பெயரின் முதலெழுத்தை மட்டும் கொடுத்துப் பதியும்போது, இருவரையும் ஒருவராகக் கணினி எண்ணிவிடுகிறது. கடவுச்சீட்டில் உள்ளபடி முழுப்பெயரையும் எழுதச் சொல்லித் தான் ஒவ்வொருவருடனும் மல்லுக்கட்டுவதாகச் சொன்னார். என் விடயத்தில் கணினி பிழைவிடவில்லை என்பதை நாகரிகமாக அவர் சொல்லாமல் விட்டார்.

பிறகு நான் பிடித்திருந்த ஆசனம் எதுவென்று கேட்டார். சொன்னதும் என் ஊன்றுகோலைப் பார்த்தார். அவசரகால வாயில் அருகே இருப்பவர் தேவைப்பட்டால் அந்தக் கதவைத் திறக்கவும் மற்றவர்களை வெளியேற்றவும் உடல்வலு உள்ளவராக இருக்க வேண்டும் என்பது விதி. ஊன்றுகோலுடன் போன என்னைக் கண்டவுடனேயே அவர்கள் வேறிடத்துக்கு மாற்றியிருப்பார்கள். இவ்வளவு பாடுபட்டும் எனக்கு உரிமையில்லாத இடத்தையே பிடித்து வைத்திருந்திருக்கிறேன். அந்த ஒரு நாள் முழுவதும், நெடுங்காலுடைய யாரோ ஒருவர் அந்த ஆசனத்தைத் தேடி, இல்லையென்று திரும்பியிருக்கவும் கூடும்.

மூன்றாம் நாள் இரவு பழைய பதிவு மீண்டது. அதே வகுப்பில் இரண்டு இடங்கள் மட்டுமே எஞ்சியிருந்ததாக முகவர் சொன்னார். அந்தத் தொலைபேசி உரையாடலிலேயே, முதலில் கட்ட மறுத்த 65 டொலரைக் கட்டி, நடைவழியோரமாக, வலக்காலை நீட்டக்கூடிய பக்கத்தில் ஓர் ஆசனம் வாங்கினேன். முகவர் நிலையப் பிள்ளை காசு வாங்க மறுத்ததால், மறுநாள் ஒரு பெட்டி லட்டு கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மீளளிப்புப் பணம் நான் ரொறன்ரோவுக்குத் திரும்பிப் பத்து நாட்களின் பின்னரே அட்டைக்கு வந்தது. இலங்கையிலிருந்து வாங்கியபடியால் இணையத்தளம் ரூபாவில் அறவிட்டிருந்தது. போகும்போது ஒரு மாற்று விகிதம், வரும்போது இன்னொன்று, அவற்றுக்கு மேலே வங்கியின் அந்நிய நாணயக் கட்டணம். கணக்குப் பார்த்தால் 84 டொலர் குறைந்திருந்தது.