15 வயது டீசல் காரும் ஹெட் கேஸ்கட்டும்: கோத்தகிரியிலிருந்து ஓர் அனுபவம்

என்னுடையது 2009 மாடல் செடான். 1.5 லிட்டர் காமன் ரெயில் டர்போ டீசல். 2014இல் கோவையில் இரண்டாம் கையாக வாங்கினேன். கம்பெனி பெயரை வேண்டுமென்றே சொல்லவில்லை. இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல்பகுதியான ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடுதான் ஹெட் கேஸ்கட். இங்கே எழுதப்போகும் அதன் கோளாறு வயதான எந்த டீசல் காருக்கும் வரக்கூடியது. பெயரைச் சொன்னால் பேச்சு அதைச் சுற்றியே போய்விடும்.

மலையில் இருப்பவர்களுக்கு டீசல் ஏன் பிடிக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி 33 கிலோமீட்டர்தான், ஆனால் அதற்குள் ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம் ஏற வேண்டும். நாலு பேரும் மூட்டை முடிச்சும் இருந்தால் சின்ன பெட்ரோல் கார் கத்திக்கொண்டே ஏறும். டர்போ டீசல் செகண்ட் கியரில் சத்தமில்லாமல் ஏறிவிடும். உயரம் போகப் போகக் காற்று மெலிந்துவிடுகிறது. ஊட்டி உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையைவிடக் கிட்டத்தட்டக் கால் பங்கு குறைவு. டர்போ அந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டிவிடும். சமவெளியில் லிட்டருக்கு 19 கிலோமீட்டர், மலையில் 14 கொடுத்தது. எட்டு வருடம் பெல்ட், பிரேக், சஸ்பென்ஷன், ஹீட்டர் பிளக் (ஸ்டார்ட் செய்யும் முன் சிலிண்டரைச் சூடாக்குவது) என்று வழக்கமான செலவு தவிர வேறு புகார் இல்லை. ஜனவரி உறைபனிக் காலையில்கூட ஹீட்டர் பிளக் விளக்கு அணைந்ததும் ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆகும்.

2022 ஜூன் மாதம், கீழேயிருந்து ஏறும்போது கோத்தகிரி சாலையில் குஞ்சப்பனை தாண்டியதும் முதலில் தெரிந்தது ஒரு சின்ன விஷயம். பனிமூட்டத்துக்காகப் போட்டிருந்த ஹீட்டரிலிருந்து திடீரென்று குளிர்ந்த காற்று வந்தது. டெம்பரேச்சர் முள் நடுவில்தான் நின்றது. அடுத்த வளைவுக்குள் முள் மேலே போனது, அப்புறம் ஆச்சரியமாகக் கீழே இறங்கியது. வண்டியை ஓரம் கட்டி உடனே இன்ஜினை அணைத்தேன். அதற்குள் காரியம் முடிந்திருந்தது.

முள் இறங்கியதை நல்ல சகுனமென்று நினைத்து ஓட்டுபவர்கள் நிறையப் பேர், அதனால் இதை விளக்கிவிடுகிறேன். சூட்டை அளக்கும் சென்சார் கூலன்ட்டில், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவத்தில், மூழ்கியிருந்தால்தான் சரியாக அளக்கும். கூலன்ட் வற்றி, சென்சார் வெறும் நீராவியிலோ காற்றிலோ நின்றால் முள் கீழே வரும். உள்ளே இன்ஜின் வெந்துகொண்டிருக்கும். ஹீட்டரில் குளிர்ந்த காற்று வருவதற்கும் அதே காரணம்தான். காருக்குள் வரும் சூடு கூலன்ட்டிலிருந்துதான் வருகிறது. அது இல்லையென்றால் சூடும் இல்லை. முள்ளைவிட ஹீட்டர் ஒரு நிமிடம் முன்னாடியே சொல்லிவிட்டது.

கூலன்ட் எங்கே போனது? இந்த இன்ஜினில் கூலன்ட்டை ஓட்டும் வாட்டர் பம்ப்பைச் சுற்றுவது, வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட்தான். பம்ப்பின் சீல் தேய்ந்து, பெல்ட் மூடிக்குப் பின்னால் கசிந்திருக்கிறது. சூடான இரும்பில் பட்டு ஆவியாகிவிடுவதால் தரையில் ஒரு சொட்டுகூட விழவில்லை. அன்று காலை கூலன்ட் டேங்கில் அளவு சரியாகத்தான் இருந்தது. மேடு ஏறும் அழுத்தத்தில் சீல் ஒரேயடியாகப் போயிருக்கிறது.

நின்ற இடமும் சரியில்லை. ஜூன், ஜூலையில் முள்ளூர், குஞ்சப்பனைப் பக்கம் பலாப்பழ சீசன். யானைகள் சாலைக்கே வரும். மேலே போன பச்சைத் தேயிலை ஏற்றும் பிக்கப் வண்டிக்காரர் நிறுத்தி, "அண்ணா, பானெட்டைத் திறந்துக்கிட்டு நிக்காதீங்க, உள்ள உக்காருங்க. மூடியில மட்டும் கை வைக்காதீங்க" என்றார். இரண்டுமே நல்ல அறிவுரை. சூடான டேங்க் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில்தான் அடிக்கும். ரிகவரி வண்டி மேட்டுப்பாளையத்திலிருந்து வர இருட்டிவிட்டது. இன்ஷூரன்ஸ் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு வரி: சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில் இயந்திரக் கோளாறுக்குப் பணம் வராது.

மறுநாள் பட்டறையில் ஆயில் மூடியைத் திறந்ததும் உள்ளே வெளுத்துக் குழைந்த ஆயில், தண்ணீர் கலந்ததன் அடையாளம். ஹீட்டர் பிளக் துளை வழியாக கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தம்) பார்த்ததில், பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டில் அளவு படுத்துக் கிடந்தது. இரண்டுக்கும் நடுவில் கேஸ்கட் போய்விட்டது என்று அர்த்தம். இந்த இன்ஜினில் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அளவு மீறிச் சூடானால் ஹெட் கோணிக்கொள்ளும். நடுவில் மாட்டிய கேஸ்கட் தாங்காது.

இப்போது முடிவெடுக்க வேண்டும். காரின் மார்க்கெட் விலை ஒன்றரை லட்சத்தைத் தாண்டாது. நண்பர்கள் மூன்று வழி சொன்னார்கள்: அப்படியே ஸ்கிராப்புக்குத் தள்ளிவிடு, பழைய இன்ஜின் ஒன்றை வாங்கி மாட்டு, இல்லை ஹெட் வேலை பார். பழைய இன்ஜின் கேட்பதற்குச் சுலபமாக இருக்கும். ஆனால் ஆர்சியில் இன்ஜின் நம்பர் இருக்கிறது. மாற்றினால் ஆர்டிஓவில் பதிய வேண்டும், வாங்கும் இன்ஜினுக்கு ஒழுங்கான காகிதம் வேண்டும். அதைவிட, அந்த இன்ஜின் எதனால் கழற்றப்பட்டது என்று யார் சொல்வார்கள்?

என்னைத் தீர்மானிக்க வைத்தது வண்டியின் அடிப்பாகம். லிஃப்டில் ஏற்றி முழுக்கப் பார்த்தோம். நீலகிரியில் வருடத்தில் பாதி நாள் ஈரம்தான். பத்து வருடம் ஓடிய வண்டிகளில் ஃப்ளோர், ஜாக் வைக்கும் இடம், சஸ்பென்ஷன் மவுண்ட் எல்லாம் பொரிந்து போயிருக்கும். என்னுடையதில் மேல் துரு மட்டும்தான். இன்ஜின் வேலையைக் காரின் விலையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது தவறு என்பது என் கட்சி. அடிப்பாகம் நன்றாக இருந்தால் செலவு செய்யலாம். அது போயிருந்தால் புது இன்ஜினே சும்மா கிடைத்தாலும் வேண்டாம்.

முதலில் விசாரித்த பட்டறையில் இரண்டே நாளில் கேஸ்கட் மாற்றித் தருவதாகச் சொன்னார்கள். தொகையும் குறைவு. ஹெட்டை அளப்பீர்களா என்றால், "அதெல்லாம் எமரி போட்டுத் தேச்சுக்கலாம் சார்" என்று பதில். உப்புத்தாளில் தேய்ப்பதைத்தான் சொன்னார். அங்கிருந்து வந்துவிட்டேன். வேலையைச் செய்து கொடுத்த மேட்டுப்பாளையம் மெக்கானிக் நேர்மாறு. "ஹெட்டை டெஸ்ட் பண்ணாம மாட்டச் சொன்னீங்கன்னா நான் மாட்ட மாட்டேனுங்க" என்று எடுத்தவுடனே சொல்லிவிட்டார்.

நேர்விளிம்புப் பட்டையும் இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளும் (ஃபீலர் கேஜ்) வைத்து அளந்தபோது ஹெட் நன்றாகவே கோணியிருந்தது. பெட்ரோல் காரென்றால் லேத்தில் பேஸிங் போட்டு மட்டம் செய்துவிடுவார்கள். டீசலில் அது அவ்வளவு லேசில்லை. பிஸ்டன் மேலே வரும்போது ஹெட்டுக்கும் அதற்கும் நடுவே இருக்கும் இடைவெளி மிகக் குறைவு. ஹெட்டைச் செதுக்கினால் வால்வு பிஸ்டன் பக்கம் இறங்கும், கம்ப்ரஷனும் மாறும். இந்த இன்ஜினுக்கு சர்வீஸ் மேனுவலே பேஸிங் கூடாது என்கிறது. புது ஹெட் விலை கேட்டு மயக்கம் வந்தது. சென்னை நண்பர் பழைய வண்டி ஸ்பேர் விற்கும் புதுப்பேட்டையில் தேடி ஒரு பழைய ஹெட் அனுப்பினார். கோவை லேத்தில் அதன் துளைகளை அடைத்து, சுடுநீரில் மூழ்கடித்துக் காற்றழுத்தம் கொடுத்துப் பார்த்தால் இரண்டு வால்வு சீட்டுக்கு நடுவிலிருந்து குமிழி. விரிசல். கடைக்காரர் மறுப்பேதும் சொல்லாமல் வேறு ஒன்று கொடுத்தார், அது தேறியது. இந்த டெஸ்டுக்குச் சில நூறு ரூபாய்தான். இதைச் செய்யாமல் அந்த முதல் ஹெட்டை மாட்டியிருந்தால் மறுபடி குஞ்சப்பனையில்தான் நின்றிருப்பேன்.

பழைய டீசலில் ஹெட் வேலை பார்ப்பவர்கள் மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியவை இன்னும் உண்டு. டீசல் கேஸ்கட் பல தடிமனில் வரும். ஓரத்தில் உள்ள வெட்டு அல்லது துளையின் எண்ணிக்கையை வைத்துக் கண்டுபிடிக்கலாம். பிஸ்டன் பிளாக்கைவிட எவ்வளவு மேலே வருகிறது என்று டயல் கேஜில் அளந்துதான் தடிமனைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஹெட் போல்ட் இந்த மாதிரி இன்ஜின்களில் நீண்டு கொடுக்கும் வகை; ஒருமுறை முறுக்கியதைத் திரும்பப் போடக்கூடாது. முறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரென்ச்சில் ஒரு அளவு, அப்புறம் கோணக் கணக்கில் இன்னொரு திருகு. இன்ஜெக்டருக்கு அடியில் செப்பு வாஷர் புதிது. ஆயிலில் தண்ணீர் கலந்திருந்ததால் சம்ப்பை (இன்ஜினுக்கு அடியில் உள்ள ஆயில் தொட்டி) கழற்றி பேரிங் பார்த்தோம், தப்பித்தது. டைமிங் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் ஹோஸ் எல்லாம் புதிது. ஆயிலை நிரப்பிக் கொஞ்சம் ஓட்டி, அதை வடித்துவிட்டு மறுபடி நிரப்பினோம்.

எல்லாம் சேர்த்து 80,000 ரூபாயைத் தொட்டது. அதில் பாதிக்கு மேல் ஸ்பேர்தான். ஒரு மாதத்துக்கும் மேல் வண்டி பட்டறையிலேயே கிடந்தது.

அதன்பின் மூன்று மழைக்காலம் பார்த்தாகிவிட்டது. கூலன்ட் அளவு மாறவில்லை, ஆயில் சுத்தம், மைலேஜ் பழையபடி. நான் மாற்றிக்கொண்டது சில பழக்கங்கள்தான். கூலன்ட் டேங்க் மூடியைச் சாதாரணமாக யாரும் கண்டுகொள்வதில்லை, மலையில் அது முக்கியம். கோத்தகிரி உயரத்தில் தண்ணீர் 94 டிகிரி பக்கமே கொதித்துவிடும். மூடி பிடித்து வைக்கும் அழுத்தத்தால்தான் கூலன்ட் கொதிக்காமல் நிற்கிறது, குக்கர் கதைதான். ஸ்பிரிங் தளர்ந்த மூடி என்றால் ஏற்றத்தில் கொதித்து வழியும். ஒரு மூடியின் விலை சில நூறு. பெல்ட் மாற்றும்போது அதையும் மாற்றிவிடுங்கள். அடுத்தது, ஓடைத் தண்ணீர் ஊற்றும் பழக்கம். அவசரத்துக்குப் பரவாயில்லை, அதையே நிரந்தரமாக வைத்திருந்தால் துருத் தடுப்பு மருந்து நீர்த்துப்போய் அலுமினியம் அரிக்கத் தொடங்கும். நான் கூலன்ட்டும் வடித்த நீரும் பாதிக்குப் பாதி ஊற்றுகிறேன்.

இன்னொன்று, ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள ஓபிடி சாக்கெட்டில் (இன்ஜின் கம்ப்யூட்டரின் தகவலைப் படிக்கும் இடம்) ஒரு சின்ன ரீடரை மாட்டி, கூலன்ட் சூட்டை மொபைலில் எண்ணாகவே பார்க்கிறேன். இந்தக் காலத்துக் கார்களில் முள் நடுவில் நிற்பதை நம்ப முடியாது. உண்மையான சூடு கணிசமாக ஏறி இறங்கினாலும் முள் அசையாதபடிதான் வைத்திருக்கிறார்கள். என் வண்டி சமவெளியில் 88, ஏற்றத்தில் 96 வரை காட்டும். 100ஐத் தாண்டினால் ஏசியை அணைத்து ஹீட்டரை முழுக்கத் திறந்துவிடுவேன், இன்ஜின் சூடு கொஞ்சம் அந்த வழியாக வெளியேறும். வெயில் காலத்தில் வீட்டில் திட்டு விழும், பரவாயில்லை.

2024இல் 15 வருடம் முடிந்ததால் ஆர்சி புதுப்பிக்க 5,000 ரூபாய் கட்டணம், பசுமை வரி தனி. பரிசோதனையில் புகை அளவும் பிரேக்கும் தேறின. அடுத்த ஐந்து வருடத்துக்கு அனுமதி உண்டு. புரோக்கர்கள் இப்போதும் ஒரு லட்சத்துக்குக் கேட்கிறார்கள், கொடுக்கவில்லை. பின்பக்க கிராங்க் சீலில் லேசான ஆயில் ஈரம் தெரிகிறது, கிளட்சும் மேட்டில் கொஞ்சம் நழுவுகிறது. இரண்டுக்கும் கியர்பாக்ஸை இறக்கியாக வேண்டும் என்பதால் ஒரே செலவில் முடித்துக்கொள்ளலாம் என்று மெக்கானிக் சொல்லியிருக்கிறார். சீசன் கூட்டம் குறைந்ததும் வண்டியைக் கீழே கொண்டுபோய் விட வேண்டும்.