ஆறு வருடம் எம்க்யூஏ டிஏசி-யோடு: ராயபுரத்திலிருந்து ஒரு அனுபவம்

2019-ல் சிங்கப்பூர் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தபோது கட்டைவிரல் அளவுக்கு ஒரு யூஎஸ்பி டிஏசி வாங்கினேன், டிஜிட்டல் பாட்டை ஹெட்ஃபோனில் கேட்கிற ஒலியாக மாற்றும் கருவி அது. இணையத்தில் பாட்டு கேட்க டைடல் சேவையின் சந்தாவும் வைத்திருந்தேன். 'மாஸ்டர்' என்று போட்ட பாட்டைத் தட்டினால் டிஏசி-யின் விளக்கு ஊதாவாக மாறும். ஸ்டூடியோவில் கேட்டது அப்படியே என் காதுக்கு வருகிறது என்று அந்த விளக்கைப் பார்த்தே நம்பினேன்.

அந்த ஊதா விளக்கு எம்க்யூஏ ஓடுகிறது என்பதற்கான அடையாளம். பிரிட்டனின் மெரிடியன் ஆடியோவில் பாப் ஸ்டூவர்ட் உருவாக்கி 2014-ல் அறிமுகமான ஒலி ஃபைல் வடிவம் அது. 24 பிட் ஃபைலின் அடிப் பிட்டுகளில் உயர் அதிர்வெண் தகவலை மடித்து வைப்பார்கள். ஒரு மடிப்பைச் செயலி பிரிக்கும், மிச்சத்தை லைசென்ஸ் வாங்கிய டிஏசி பார்த்துக்கொள்ளும். மடிக்கும்போதே கொஞ்சம் தகவல் போய்விடுகிறது, அதனால் இது இழப்பில்லா வடிவம் கிடையாது. ஆடியோ கருவிகள் செய்யும் லின் நிறுவனம் 2017-லேயே இதை எதிர்த்து எழுதியது. பாட்டை மடிப்பவர், செயலி செய்பவர், கருவி செய்பவர் என்று எல்லோரும் ஒரே கம்பெனியிடம் அனுமதி வாங்க வேண்டும் என்பதுதான் அவர்களின் முக்கியமான புகார். அன்றைக்கு எனக்கு அது உறைக்கவில்லை.

2021-ல் ஊருக்குத் திரும்பினேன். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளினால் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கும். இரவு இரண்டு மணிக்குத்தான் கொஞ்சம் அடங்கும், அதற்குள் காசிமேட்டுக்கு மீன் வண்டிகள் கிளம்பிவிடும். அந்த இடைவெளியில் அக்கா மகனை உட்கார வைத்து ஒரு சோதனை செய்தேன். நார்வேயின் 2எல் நிறுவனம் ஒரே ஒலிப்பதிவைப் பல வடிவங்களில் இலவசமாகக் கொடுத்திருந்தது. விளக்கின் மேல் கறுப்பு டேப் ஒட்டி, சத்தத்தைச் சமமாக வைத்து, எம்க்யூஏ ஒரு தடவை, தகவல் எதையும் இழக்காமல் சுருக்கும் ஃபிளாக் வடிவம் ஒரு தடவை என்று அவன் இஷ்டத்துக்கு மாற்றிப் போட்டான். "மாமா, இப்போ இன்னா ஓடுது சொல்லு" என்பான். 16 தடவையில் 9 தடவை சரியாகச் சொன்னேன். காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் அவ்வளவுதான் வந்திருக்கும். டேப் ஒட்டாமல் கேட்ட நாட்களில் வயலின் வில் உரசுவதுகூட எனக்குத் தனியாகக் கேட்டது!

உண்மையில் எனக்குப் பளிச்சென்று வித்தியாசம் தெரிந்தது மாஸ்டரிங்கில், அதாவது பாட்டை வெளியிடும் முன் கடைசியாக ஒலியைச் சீர்செய்யும் வேலையில். ஒரு பழைய தமிழ்ப் பாட்டின் இரண்டு பதிப்புகள் என்னிடம் இருக்கின்றன. ஹை-ரெஸ் (சிடியை விடக் கூடுதல் தரம்) என்று விற்கும் பதிப்பில் இரைச்சலை வழிக்கிறேன் என்று பாடகி மூச்சு எடுக்கும் சத்தத்தையும் சேர்த்து வழித்துவிட்டார்கள், தபேலாவும் ஒரே சத்தத்தில் அடிக்கிறது. பழைய சிடியிலிருந்து எடுத்த 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் ஃபைலில் அந்த மூச்சு இருக்கிறது. பல்லவி முடிந்து வரும் அந்த ஒரு மூச்சுக்காகவே நான் அந்த ஃபைலைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன்.

2023 ஏப்ரலில் எம்க்யூஏ கம்பெனி திவால் நிர்வாகத்துக்குள் போனது. செப்டம்பரில் கனடாவின் லென்புரூக் அதை வாங்கியது. 2024 ஜூலையில் டைடலே எம்க்யூஏ-வை எடுத்துவிட்டு ஃபிளாக்குக்கு மாறிவிட்டது. ஆனாலும் போன மாதம் ஒரு கடையில் எம்க்யூஏ ஸ்டிக்கர் ஒட்டிய டிஏசி-க்குத் தனி விலை சொன்னார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து அந்த ஸ்டிக்கருக்கென்று ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

ஃபிளாக் 2001-லிருந்து யாரிடமும் அனுமதி கேட்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆப்பிளும் தன் இழப்பில்லா வடிவமான அலாக்கை 2011-ல் திறந்துவிட்டது. நான் இப்போது அதே டிஏசி-யில் ஆப்பிள் மியூசிக்தான் கேட்கிறேன், ஹை-ரெஸ்ஸுக்கென்று தனிக் கட்டணம் இல்லை. ஐபோனில் 48 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் தனியாக டிஏசி-யே தேவைப்படாது, அதற்கு மேல் போனால்தான் வேண்டும்.

2008-ல் மாமா வீட்டுக் கல்யாணத்தில் பதிவு செய்த கானா கேசட்டைக் கணினியில் ஏற்றி ஃபிளாக்காக வைத்தேன். அதற்கப்புறம் நாலு ஃபோன், இரண்டு லேப்டாப் மாறிவிட்டன. நேற்று அக்கா மகன் தன் ஃபோனில் போட்டான், முதல் தட்டிலேயே டோலக் கேட்டது.