திவசக் காசு: அன்னதானமா, மழைநீர்த் தொட்டியா?

தாய் தகப்பனின் திவசத்துக்கென்று வெளிநாட்டிலிருந்து காசு வந்தால், இலங்கையின் வடக்கே வன்னியில் முதலில் எழும் பேச்சு எந்தக் கோயிலில் சோறு கொடுப்பது என்பதுதான். நாங்கள் அந்தக் காசில் ஒரு வீட்டுக்கு 5,000 லீற்றர் மழைநீர்த் தொட்டி கட்டினோம். ஆகவே இந்த அலசல் தொட்டிப் பக்கம் சாய்ந்தே இருக்கும்.

அன்னதானத்தின் பெருமையை விளக்கத் தேவையில்லை. 100 கிலோ அரிசி போட்டால் 800 பேர் வரை சாப்பிடலாம். பருப்பு 15 கிலோவுக்குக் குறையக் கூடாது. பிழைப்பது இரண்டு இடத்தில். விடியப்புறம் இறக்கிய பால்கறியை மூடி வைத்தால் மத்தியானப் பந்திக்குள் புளித்துவிடும். தேங்காய்ப்பால் விடும் கறியைக் கடைசியாக இறக்க வேண்டும். மற்றது நாள். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலன்று திரும்பிய பக்கமெல்லாம் கிடாரம். பத்தோடு பதினொன்றாக நம்முடையதும் சேர்ந்தால், பாதிச் சோறு லஞ்ச் சீற்றோடு குப்பைக்குப் போகும். யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதி முருகன் கோயிலிலிருந்து கதிர்காமத்துக்கு நடந்து போகிற அடியார்கள் முல்லைத்தீவைக் கடக்கும் நாளில் ஒரு நேரச் சாப்பாடு கொடுத்தால், அதே அரிசி களைத்த வயிற்றுக்குப் போய்ச் சேரும்.

தண்ணீரின் கதை வேறு. வளவில் கிணறு இருந்தும் குடிக்க வழியில்லாத வீடுகள் இங்கே ஏராளம். கரையோரத்தில் உவர். வவுனியாப் பக்கம் பல கிணறுகளில் புளோரைட்டு. இலங்கைத் தரப்படி லீற்றருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது. கொதிக்க வைத்தாலும் போகாது, வற்ற வற்றச் செறிவு கூடும். அதனால் பிள்ளைகளின் முன்பல்லில் விழும் மண்ணிறக் கறை, தேய்த்துப் போகிற கறை அல்ல.

இதற்குப் பலரும் உடனே சொல்வது, தண்ணீரை மெல்லிய சவ்வு வழியே அழுத்தி வடிக்கும் ஆர்.ஓ. இயந்திரம். உவரும் புளோரைட்டும் இரண்டும் போகும், உண்மைதான். ஆனால் தானம் கொடுப்பவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: திறப்பு விழா முடிந்த பிறகு இதை யார் பார்ப்பது? முன்வடிகட்டியை அடிக்கடி மாற்ற வேண்டும். நீரில் கல்தன்மை கூடிய ஊரில் அந்தச் சவ்வு, அதாவது மெம்பிறேன், சுண்ணாம்பு படிந்து அடைத்துவிடும். நன்றாகப் பார்த்தாலும் இரண்டு மூன்று வருடத்தில் புதிது வேண்டும். கரண்ட் பில் மாதாமாதம் வரும். கழிவாகப் போகும் உவர்நீருக்கு ஒரு வழி வேண்டும். இத்தனைக்கும் பொறுப்பு ஒரு சங்கத்தின் தலையில். நிர்வாகம் மாறுகிற வருடம் இயந்திரமும் நின்றுவிடும். பொதுக் குழாய்க்கிணறுக்கும் இதே கதிதான்: ஒரு வாசர் தேய்ந்தால் போதும், கைப்பிடி வெறுமனே ஆடும்.

வீட்டுத் தொட்டிக்கு உரிமைக்காரர் உண்டு. நாங்கள் சாய்ந்ததற்கு இது ஒன்றே காரணம். குடிப்பவரே கழுவுவார்.

கணக்கும் எளிது. 40 சதுர மீற்றர் கூரையில் 1 மில்லிமீற்றர் மழை பெய்தால் 40 லீற்றர். சிந்திச் சிதறியது போக 32 சேரும். 160 மில்லிமீற்றர் மழைக்குத் தொட்டி நிரம்பும். ஐந்து பேருக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 25 லீற்றர் என்றால் 200 நாள். தை நடுவில் நிறைந்த தொட்டி ஆடி வரை ஓடும். ஆவணி, புரட்டாதிக்கு தண்ணீர்ப் பவுசரைத்தான் பார்க்க வேண்டும். அதை மறைத்துக் காசு கேட்கக் கூடாது.

கெடும் இடங்களும் தெரிந்தவையே. கிடுகுக் கூரைக்கு இது சரிவராது. தகரமோ ஓடோ வேண்டும். குரங்கு பாய்ந்தால் கூரை ஓரத்தில் நீரை ஏந்தும் பிளாஸ்ரிக் பீலி உடையும், ஆகவே அதைத் தாங்கும் பிடிகளை நெருக்கமாக அடிக்க வேண்டும். முதல் மழை கூரையின் தூசியையும் எச்சத்தையும் கழுவிக்கொண்டு வரும். கால்மணி நேரம் குழாயை வெளியே திருப்பிவிட வேண்டும். மூடியில் நுளம்பு வலை கட்டாயம். கம்பி வலை வைத்துப் பூசிய சீமெந்துத் தொட்டியை ஒரு கிழமையாவது நனைத்த சாக்குப் போர்த்தி ஈரமாக வைக்க வேண்டும். புதுத் தொட்டியின் முதல் நீரில் சீமெந்துக் காரம் இறங்கும், அதைக் குடிக்காமல் வேறு தேவைக்கு எடுக்கலாம். கோடையில் அடிவரை வற்றவிட்டால் சுவர் வெடிக்கும். வருடத்துக்கொரு தரம் கழுவுகிற நாள் தவிர, அடியில் கொஞ்சத் தண்ணீராவது கிடக்க வேண்டும்.

பாடசாலை ஒன்றுக்குப் பெரிய தொட்டி கட்டலாமா என்றால் எனக்குத் தயக்கம் உண்டு. விடுமுறையில் பீலியைப் பார்க்க ஆளில்லை. அங்கே காவலாளியின் பொறுப்பில் எழுத்தில் கொடுத்தால் ஒருவேளை நடக்கும்.

திவசம் எந்த மாதத்தில் வந்தாலும் வேலையை ஆவணிக்குள் முடித்துவிடுங்கள். மாசியில் கட்டினால் ஐப்பசி வரை அது வெறும் சுவர். காசில் பத்தில் ஒரு பங்கைப் பீலிக்கும் வலைக்குமென்று அந்த வீட்டாரிடமே விட்டுவிடுங்கள். சுவரில் உபயம் என்று பெயர் எழுதக் கீறும் இடத்தில், கடைசியாகக் கழுவிய மாதத்தை எழுதச் சொல்லி ஒரு சின்னப் பெயின்ற் ரின்னையும் தூரிகையையும் கொடுத்துவிட்டு வாருங்கள்.