ரீயா, ஸ்டட்லி ராயல்: துக்கம் எழுப்பிய இரு தேவாலயங்கள்

இங்கிலாந்தின் கம்பிரியாவில் ரீயா என்னும் சிற்றூரிலுள்ள புனித மரியாள் ஆலயம் 1842-இல் திறக்கப்பட்டது. முறையான கட்டடக்கலைப் பயிற்சி ஏதுமில்லாத சாரா லாஷ், வடிவமைப்பில் எவரும் தலையிடக் கூடாது என்ற நிபந்தனையோடு, மறைந்த தங்கை கேதரினின் நினைவில் தம் சொந்தச் செலவில் இதைக் கட்டினார். கூர்நுனி வளைவுகளைக் கொண்ட கோதிக் பாணியே ஓங்கியிருந்த காலத்தில், அவர் அரைவட்ட வளைவுகளையும் பலிபீடம் அமையும் வளைந்த பின்மாடத்தையும் தேர்ந்தார். சிலுவைகளைவிடத் தாமரை, பைன் காய், வண்டு, தொல்லுயிர்ப் படிமம் ஆகியவையே அங்கே கண்ணில் நிறைகின்றன. செதுக்கியவர்களுள் முதன்மையானவர் உள்ளூர்க் கொத்தனார் வில்லியம் ஹிண்ட்சன்.

யார்க்‌ஷயரின் ஸ்டட்லி ராயலில் 1871 முதல் 1878 வரை எழுந்த மரியாள் ஆலயமும் ஓர் இழப்பின் நினைவே: ரிப்பன் பிரபுவின் மைத்துனர் ஃபிரெடெரிக் வைனர் 1870-இல் கிரேக்கக் கொள்ளையரால் கொல்லப்பட்டார். ஆனால் இங்கே வில்லியம் பர்ஜஸ் என்னும் தேர்ந்த கலைஞர், உயர்ந்த கூர்கோபுரமும் பொன்னும் வண்ணமும் பொலியும் பலிபீடப் பகுதியுமாகக் கோதிக்கின் செழுமையை வாரி இறைத்தார். வேலை முடியுமுன்பே, 1874-இல், ஆங்கிலிக்கன் திருச்சபைக்காக இதைக் கட்டுவித்த ரிப்பனே கத்தோலிக்கராகிவிட்டார் என்பது விந்தை. (சென்னை ரிப்பன் மாளிகை தாங்கும் பெயர் இவருடையதே.)

பர்ஜஸின் திறன் வியக்க வைக்கிறது; எனினும் லாஷின் கல்லில்தான் துயரம் தன் சொந்த மொழியில் பேசுவதாக எனக்குத் தோன்றுகிறது.